7 மாதத்தில் வழுக்கத் தொடங்கிய கீபோர்டு: விசை மூடியை மட்டும் மாற்றினால் போதுமா?

பாளை தட்டச்சு எழுதியது:

வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் 19 ஆண்டுகளாகத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து வருகிறேன். திருமண அழைப்பிதழ், ஆய்வேடு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வரும். ஆனால் பங்குனி பிறந்து வைகாசி முடியும்வரை கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ்தான் பெரிய வேலை. ஒரே நோட்டீஸில் 300 வரிதாரர் பெயர்கள் இருக்கும். ஒருவர் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டாலும், தாள் அச்சாகி ஊருக்குள் போன பிறகு திருத்த வழியில்லை. அதனால் என் விரல் எந்த இடத்தில் நிற்கிறது என்பது எனக்குச் சின்ன விஷயம் அல்ல.

சென்ற புரட்டாசியில் முதன்முறையாக ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் இருக்கும். என்னுடையது சிவப்பு ஸ்விட்ச், அடியில் விளக்கு எரியும் வகை. அதுவரை வைத்திருந்தவை எல்லாம் ரப்பர் தகடு போட்ட மலிவுக் கீபோர்டுகள். புதியதில் விசைகளின் மேல் கோலமாவு தூவியதுபோல் ஒரு மெல்லிய சொரசொரப்பு இருந்தது. வைத்த இடத்தில் விரல் நின்றது. நாள் முழுக்க அடித்தாலும் கை சலிக்கவில்லை.

மாசி முடிவதற்குள் பளபளப்பு வந்துவிட்டது. எல்லா விசையிலும் வரவில்லை என்பதுதான் தொல்லை. நான் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பு முறையில் அடிக்கிறேன். ஆங்கிலம் அடிப்பவர்களின் கீபோர்டு வேறு விதமாகத் தேய்ந்திருக்கும். என்னுடையதில் இடக்கையில் இ, உ, புள்ளி. வலக்கையில் க, ம, த. இந்த ஆறும் எண்ணெய் தடவியதுபோல் மின்னுகின்றன. "க்க" வேண்டுமென்றால் க விசையை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழுந்துவிடும் அல்லவா, அதனால் க இரட்டிப்பாக அடிவாங்குகிறது. ஔ விசை மட்டும் கடையிலிருந்து வந்த அன்று இருந்தபடியே இருக்கிறது. ஸ்பேஸ் பாரில் என் வலக் கட்டைவிரல் படும் ஓர் இடத்தில் மட்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கண்ணாடி போல் ஆகிவிட்டது.

இப்போது சித்திரை வெயில். காலையில் விரல் அந்த விசைகளில் ஒட்டுகிறது. மதியம் வியர்த்ததும் வழுக்குகிறது. ஈ-க்கு மேலே ஏறிவிட்டு இ-க்குத் திரும்பும் விரல், சொரசொரப்பிலிருந்து வழுவழுப்புக்கு வருகிற அந்தக் கணத்தில் தடுமாறுகிறது. நேற்று ஒரு நோட்டீஸில் "முப்பிடாதி" என்ற பெயர் "முப்பிடாது" ஆகிவிட்டது. பிழை பார்க்கும்போது கண்ணில் பட்டது. படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழுக்காக இருக்கலாம் என்று எண்ணி, நகப்பூச்சை அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ம விசையைத் துடைத்தேன். மேல்பரப்பு இளகிப் பஞ்சு நூல் அதில் ஒட்டிக்கொண்டது. அந்த விசை இப்போது மங்கலாக, மேடுபள்ளமாக இருக்கிறது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

என் அம்மா கடையம் பக்கத்தில் முப்பது வருடம் பீடி சுற்றியவர். நனைத்த இலை எப்போது பதமாக இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க மாட்டார்; விரலால்தான் சொல்வார். நான் விரலைப் பற்றிப் புலம்பும்போது வீட்டில் புரிந்துகொள்ளும் ஒரே ஆள் அவர்தான்.

மூடியை, அதாவது கீகேப்பை மட்டும் மாற்றினால் தட்டும் உணர்வு உண்மையில் மாறுமா? பிபிடி என்ற பிளாஸ்டிக்கில் செய்த மூடி நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதன் சொரசொரப்பு நாளெல்லாம் அடிப்பவரின் விரல்தோலைத் தேய்க்காதா? அம்மி தேய்ந்தால் கொத்துகிறோமே, அதுபோல் இருக்கிற மூடியையே எமரித் தாளால் தேய்த்துச் சரிசெய்ய முடியாதா?


தென்காசிச் சாரல் எழுதியது:

அக்கா, நகப்பூச்சுத் திரவத்தில் இளகியது என்ற ஒன்றே போதும், உங்களுடையது ஏபிஎஸ். அந்தத் திரவங்கள் பலவற்றில் அசிட்டோன் இருக்கும். அது ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். பிபிடி அதற்கு அசையாது. நான் கீபோர்டு பழுது பார்க்கிறேன், வாரத்துக்கு நாலைந்து பேராவது இதே பளபளப்போடு வருகிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏபிஎஸ் என்பது அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் மூன்றும் சேர்ந்த பிளாஸ்டிக். ஸ்கூட்டரின் பிளாஸ்டிக் உறுப்புகள், தொலைக்காட்சிப் பெட்டியின் கூடு எல்லாம் பல நேரம் இதுதான். அச்சில் எளிதாக நிரம்பும், அதிகம் சுருங்காது, நிறம் அழகாகப் பிடிக்கும். ஆனால் 105 டிகிரி அருகே இளகிவிடும், உரசலுக்கும் சற்று மென்மையானது. பிபிடி பாலியெஸ்டர் குடும்பம். நம் சட்டைத் துணிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் ஒன்றுவிட்ட உறவு. 220 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். அடர்த்தியும் கூட: ஏபிஎஸ் தண்ணீரைவிடச் சற்றே கனம், பிபிடி தண்ணீரைப்போல் 1.3 மடங்கு.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொரசொரப்பு பிளாஸ்டிக்கோடு பிறப்பதில்லை. மூடியை வார்க்கும் எஃகு அச்சின் உள்முகத்தில், மின்பொறியால் அரித்தோ அமிலத்தால் அரித்தோ நுண்ணிய மேடுபள்ளங்களை உண்டாக்குகிறார்கள். உருகிய பிளாஸ்டிக் அதன் பிரதியை எடுத்துக்கொள்கிறது. ஏபிஎஸ்ஸிலும் சொரசொரப்பு வரும், வழுவழுப்பான பிபிடியும் உண்டு. நீங்கள் வாங்கியபோது இருந்த கோலமாவு அந்த அச்சு கொடுத்தது. அந்த மேடுகளின் முனை விரல் உரசலில் எவ்வளவு நாள் தாங்கும் என்பதுதான் பிளாஸ்டிக்கின் குணம். ஏபிஎஸ்ஸில் சில மாதங்கள், பிபிடியில் ஆண்டுக்கணக்கு. பிபிடி பளபளக்கவே பளபளக்காது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், அதுவும் பளபளக்கும், மெதுவாக. ஐபிஎம் 1985-இல் கொண்டுவந்த மாடல் எம் கீபோர்டின் மூடிகள் பிபிடிதான். பழைய அலுவலகத்திலிருந்து வந்த ஒன்றை நான் கழுவியிருக்கிறேன். என்னைவிட வயதில் மூத்தது. சொரசொரப்பு விரலுக்குத் தெரிகிறது.

காலையில் ஒட்டுகிறது, மதியம் வழுக்குகிறது என்றீர்களே, இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை. மேடு தேய்ந்து பரப்பு மழமழப்பானால் விரல்தோல் முழுவதும் அதில் படிந்துவிடும். லேசான ஈரம் இருந்தால் தோல் மிருதுவாகி இன்னும் நன்றாகப் படியும், அதுதான் ஒட்டுதல். வியர்வை கூடித் தோலுக்கும் விசைக்கும் நடுவே ஒரு நீர்ப்படலம் வந்துவிட்டால் தோல் பிளாஸ்டிக்கைத் தொடாமலே மிதக்கும், அதுதான் வழுக்கல். மேடு இருந்தால் தோல் முனைகளில் மட்டும் தொடும். வியர்வை பள்ளத்தில் இறங்கிக்கொள்ளும். அதனால்தான் சொரசொரப்பான மூடி காலைக்கும் மதியத்துக்கும் அதிகம் வேறுபடாது.

அம்மி உவமை சரிதான், ஆனால் அம்மி கல். கொத்தினால் உளி புதுப் பள்ளம் தோண்டும், அது மாதக்கணக்கில் நிற்கும். எமரித் தாள் ஏபிஎஸ்ஸில் கீறல்தான் போடும். ஒரே திசையில் ஓடும் அந்தக் கீறல்களின் விளிம்பு இரண்டு மூன்று வாரத்தில் மழுங்கிவிடும், நடுவில் மேல் எழுத்தும் போய்விடும். என் கடையில் இரண்டு பேருக்குச் செய்து பார்த்தேன். இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

மூடியை மாற்றினால் என்ன மாறாது என்பதையும் சொல்கிறேன். அழுத்தும் கனம் மாறாது. அது ஸ்விட்சில் உள்ள ஸ்பிரிங்கின் வேலை. சிவப்பு ஸ்விட்ச் வழக்கமாக 45 கிராம் அளவில், 2 மி.மீ. இறங்கியதும் எழுத்தைப் பதியும், 4 மி.மீ.-இல் தரை தட்டும். மாறுவது ஓசையும் அந்தத் தரை தட்டலும். மலிவு மூடியின் சுவர் 1 மி.மீ. இருக்கும், கலகலவென்று கேட்கும். 1.5 மி.மீ. சுவருள்ள மூடியில் ஓசை தாழ்ந்து, மரப்பலகையில் புளியங்கொட்டை விழுவதுபோல் கேட்கும். விரலுக்கும் அது கெட்டியாகத் தெரியும்.

வாங்கும்போது ஸ்பேஸ் பாரை மட்டும் கவனியுங்கள். பிபிடி வார்த்து ஆறும்போது ஏபிஎஸ்ஸைவிட இரண்டு மூன்று மடங்கு சுருங்கும். சின்ன மூடியில் அது தெரியாது. நீளமான ஸ்பேஸ் பார் அப்பளம் போல் லேசாக வளைந்துவிடும். கண்ணாடி மேசையில் குப்புற வைத்து ஒரு முனையை அழுத்திப் பாருங்கள், மறுமுனை எழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.


பாளை தட்டச்சு எழுதியது:

தம்பி, நன்றி. நீர்ப்படலம் பற்றிச் சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இலை நனைந்தால் ஒட்டும், தண்ணி நின்றால் வழுக்கும், இதுக்கு இவ்வளவு எழுதணுமா" என்றார்.

இன்னொரு சந்தேகம். பழைய கீபோர்டுகளில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். கோடையில் பசை ஓரத்தில் பிதுங்கி, விரலில் பிசுபிசுக்கும். ஸ்டிக்கரின் விளிம்பு நகத்தில் மாட்டும். எனக்குப் பார்க்காமலே அடிக்க வரும், ஆனால் உதவிக்கு வரும் பெண்ணுக்குத் தமிழ் எழுத்து தெரிய வேண்டும். மூடியிலேயே தமிழ் எழுத்து வேண்டுமென்றால் எந்த வகை அச்சு விரலுக்குத் தெரியாது?


வள்ளியூர் காற்று எழுதியது:

எல்லோரும் பிபிடி பக்கம் சாய்வதால் மறுபக்கம் ஒரு குரல். நான் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன், இரவு வேலை. பிபிடி வாங்கி மூன்று மாதம் வைத்திருந்து கழற்றிவிட்டேன். எங்கள் ஊர்க் காற்றுக்கு என் விரல்நுனி எப்போதும் வறண்டிருக்கும். அந்த வறண்ட விரலுக்குச் சொரசொரப்பு மணல் மேல் தேய்ப்பதுபோல் இருந்தது, பல் கூசியது. இப்போது இரண்டு பிளாஸ்டிக்கைச் சேர்த்து வார்த்த கனமான ஏபிஎஸ் போட்டிருக்கிறேன். ஜெர்மனியின் ஜிஎம்கே போன்றவர்கள் விலையுயர்ந்த மூடிகள் பலவற்றை ஏபிஎஸ்ஸில்தான் வார்த்திருக்கிறார்கள். நிறம் ஆழமாக வரும், எழுத்தின் விளிம்பு கத்தி போல் இருக்கும். பளபளப்பு வரத்தான் செய்கிறது. எனக்கு அது பழகிய செருப்பு மாதிரி. தாமிரபரணிக் கரையில் வியர்த்து அடிப்பவர்களும் இங்கே காற்றில் உலர்ந்து அடிப்பவர்களும் ஒரே மூடியைத் தேடக் கூடாது என்பது என் கருத்து.


அம்பை வாத்தியார் எழுதியது:

அம்மா, நான் அம்பாசமுத்திரத்தில் 31 ஆண்டுகள் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவன். எங்களிடம் ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபேசிட் எல்லாம் இருந்தன. கம்ப்யூட்டர் பிளாஸ்டிக் பற்றித் தம்பி சொன்னதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. விரலைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

பயிலகத்தில் ஒரு மாணவர் எப்படி அடிக்கிறார் என்பதை அவர் போன பிறகு விசைகளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். விசையின் நடுக்குழியில் மட்டும் பளபளப்பு என்றால் அவர் மேலிருந்து தட்டுகிறார். முன்விளிம்பில் பளபளப்பு என்றால் விரலைத் தூக்காமல் இழுத்துக்கொண்டே போகிறார். தட்டச்சுப் பொறியில் இழுத்தால் எழுத்தே விழாது, விசை அரை அங்குலத்துக்கு மேல் இறங்க வேண்டும், ஆகவே தட்டித்தான் ஆக வேண்டும். இன்றைய கீபோர்டில் 2 மி.மீ. போதும், அதனால் எல்லோரும் மேய்கிறார்கள். மேய்ந்தால் எந்தப் பிளாஸ்டிக்கும் சீக்கிரம் தேயும். உங்கள் ஆறு விசைகளையும் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மினுமினுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, வழிகாட்டும் மேடு. ஆங்கிலத்தின் எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு கோடு தமிழ்99-இல் புள்ளிக்கும் ப-வுக்கும் அமைகிறது. சுட்டுவிரல்கள் அங்கே வந்து தங்க வேண்டும். உங்கள் கீபோர்டில் புள்ளி விசை தேய்ந்துவிட்டது என்கிறீர்கள். அந்தக் கோடும் மழுங்கியிருக்கும். வலக்கைக்கு ப கோட்டோடு இருக்கிறது, இடக்கைக்கு இல்லை. இ-க்கும் உ-வுக்கும் நீங்கள் தடுமாறுவது இடக்கை தன் வீட்டைக் காணாததால்தான் என்று நினைக்கிறேன். இரண்டும் அடுத்தடுத்த விசைகள், இடக்கை ஒரு விசை தள்ளி உட்கார்ந்தால் "தி" என்பது "து" ஆகும்.

சொரசொரப்பு அதிகமா குறைவா என்பதைவிட, எல்லா விசையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதைத்தான் நான் கேட்பேன். எங்கள் பழைய ரெமிங்டன் ஒன்றில் எல்லா விசையும் ஒன்றுபோல் மழமழத்திருந்தது. அதில் பயின்ற பிள்ளைகள் தேர்வில் குறை வைக்கவில்லை. பக்கத்துப் பொறியில் உடைந்த நான்கு விசைக்குப் பதில் வேறு விசை போட்டிருந்தோம். அந்த நான்கில்தான் பிழை விழும். விரல் ஒரு முறை கற்ற தளத்தைத் திரும்பத் திரும்பத் தேடுகிறது. பாதித் தளம் மாறினால் அது ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்கிறது.

கோடைக்கு ஒரு கைவைத்தியம்: மேசையில் ஈரமில்லாத பருத்தித் துணி ஒன்று வைத்து, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் பத்து விரல்நுனிகளையும் அதில் ஒற்றுங்கள். எங்கள் பிள்ளைகள் சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தொட்டுக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் கீபோர்டில் அதைச் செய்யாதீர்கள், தூள் உள்ளே இறங்கிவிடும்.


தென்காசிச் சாரல் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்ன முன்விளிம்புக் கணக்கை இன்று கடையில் இருந்த ஆறு கீபோர்டில் பார்த்தேன். நான்கில் முன்விளிம்பு. இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

அக்கா, எழுத்து பற்றி. விரலுக்குத் துளியும் தெரியாதது சாய ஆவி அச்சு. 200 டிகிரி அளவுச் சூட்டில் சாயம் ஆவியாகிப் பிளாஸ்டிக்குக்குள் இறங்கும். மேலே படலம் எதுவும் இருக்காது. அந்தச் சூட்டை ஏபிஎஸ் தாங்காது, பிபிடி தாங்கும். சாயம் பிளாஸ்டிக்கைவிட அடர்நிறமாக இருக்க வேண்டும் என்பதால் வெளிர்நிற மூடியில் கறுப்பு எழுத்து என்று கேளுங்கள். இரண்டு பிளாஸ்டிக்கைச் சேர்த்து வார்க்கும் இரட்டை வார்ப்பு அதைவிட உறுதி, எழுத்து என்றைக்கும் அழியாது. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எஃகு அச்சு வெட்ட வேண்டும், ஒரு செட்டுக்காக யாரும் வெட்ட மாட்டார்கள். மை ஒற்றி அச்சிட்டதை வாங்காதீர்கள். எழுத்து லேசாகப் புடைத்து நிற்கும், உங்கள் வேலைக்கு ஓராண்டு தாங்காது. மூடியின் உயரமும் சாய்வும் வரிசைக்கு வரிசை மாறும் வகையா, எல்லா வரிசையும் ஒரே உயரமா என்றும் பாருங்கள். உங்களுக்குப் பழகியது வரிசை மாறும் வகை. அதிலேயே இருங்கள். கொடைக் காலத்தில் விரலுக்கு இரண்டு பாடம் வேண்டாம்.


பாளை தட்டச்சு எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். வைகாசிக் கொடைகள் முடிந்தன. பதில் எழுதிய மூவருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வாத்தியார் ஐயா சொன்னபடி முதலில் பழைய மூடிகளைக் கழற்றிச் சன்னலோரம் வரிசையாக வைத்தேன். இடக்கையின் மூன்றிலும் மினுமினுப்பு முன்விளிம்பில் இருந்தது. வலக்கையில் க, த இரண்டிலும் நடுவில், துடைக்கப் போய்க் கெடுத்த ம-வில் ஒன்றும் தெரியவில்லை. அதாவது என் இடக்கை மேய்கிறது, வலக்கை தட்டுகிறது. 19 ஆண்டுகளில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. புள்ளியின் கோடு ஐயா ஊகித்ததுபோலவே மழுங்கிப் போயிருந்தது. ப-வின் கோடு நகத்தில் தட்டுப்பட்டது.

அம்மாவுக்கு இப்போது 71 வயது. கண்புரை. அந்த மூடிகளை ஒரு சுளகில் கலந்து போட்டு, அதிகம் தேய்ந்ததை எடுங்கள் என்றேன். அவருக்குத் தட்டச்சு தெரியாது. கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, முதலில் புள்ளியை எடுத்தார், பிறகு க, பிறகு உ. இ-யையும் த-வையும் மாற்றி மாற்றித் தடவிவிட்டு, "இது ரெண்டும் ஒரு சேக்காளி" என்று ஒன்றாக வைத்தார். ஔ-வைத் தொட்டதும், "இது யாரும் தொடாத பிள்ளை" என்றார். பீடி இலையில் பழகிய அந்த விரல் ரேகை ரேஷன் கடைப் பொறியில் பதிவதில்லை. மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத்தான் காட்டச் சொல்கிறார்கள். பொறிக்குத் தெரியாத அந்த விரலுக்குத் தேய்மானத்தின் கணக்கு தெரிந்திருந்தது. எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை.

வெளிர் சாம்பல் நிறத்தில், 1.5 மி.மீ. சுவருள்ள பிபிடி மூடிகள் வாங்கினேன். தமிழ் எழுத்துச் செட் உடனே கிடைக்கவில்லை, ஆங்கில எழுத்துத்தான். எல்லாவற்றையும் மாற்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூடியைக் கழற்றும் கம்பி இழுப்பானை நேராக மேலே தூக்க வேண்டும், சாய்த்து இழுத்தால் மூடியின் நடுவில் ஸ்விட்சோடு பொருந்தும் சிலுவைக்கால் விரியும். கீபோர்டுக்குள் 8 மாதத்துத் தூசி, தலைமுடி, ஒரு பொரிகடலை.

முதல் இரண்டு நாள் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். வள்ளியூர்த் தம்பி சொன்ன மணல் எனக்கும் தெரிந்தது. விரல்நுனியில் லேசான எரிச்சல். இடக்கையில்தான் எரிச்சல், வலக்கையில் இல்லை. இழுத்து அடிக்கும் விரலைச் சொரசொரப்பு உரசிக் காட்டிக்கொடுத்தது. தூக்கித் தட்டினால் உரச எதுவும் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து இ, உ இரண்டுக்கும் விரலைத் தூக்கி வைக்கப் பழகினேன். எரிச்சல் போயிற்று. வழுவழுப்பான மூடியில் என் தப்பு எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. ஆகவே பிபிடி விரலைத் தேய்க்குமா என்று நான் கேட்ட கேள்விக்கு நானே கண்ட பதில்: இழுத்தால் உரசும், தட்டினால் உரசாது.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் மின்சாரம் போய், மின்விசிறி இல்லாமல் இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை மட்டும் ஓட்டி 312 பெயர்கள் உள்ள ஒரு சுடலைமாடசாமி கொடை நோட்டீஸை அடித்தேன். முழங்கையிலிருந்து வியர்வை சொட்டியது. பருத்தித் துணியில் ஒற்றி ஒற்றி அடித்தேன். முதல் பெயரில் விசை எப்படி இருந்ததோ அப்படியேதான் 312-ஆம் பெயரிலும் இருந்தது. பிழை பார்த்தபோது நான்கு திருத்தம். நான்கும் கையெழுத்துப் படியை நான் தவறாகப் படித்தவை. விரல் செய்த பிழை ஒன்றும் இல்லை. இதைத்தான் ஐயா "ஒரே மாதிரி" என்றார் என்று அப்போது விளங்கியது. வேகம் கூடவில்லை, அதே வேகம்தான். ஆனால் விரலைப் பற்றி நினைக்காமல் பெயர்களை மட்டும் நினைத்துக்கொண்டு அடிக்க முடிந்தது.

ஓசை மாறியதை அம்மா முதல் இரவே கவனித்தார். முன்பு நான் அடிக்கும்போது பக்கத்து அறையில் புரண்டுகொண்டே இருப்பார். இப்போது தூங்கிவிடுகிறார்.

குறை ஒன்று உண்டு. ஸ்பேஸ் பார். தம்பி சொன்னபடி கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன், வலமுனை நன்றாக எழுந்தது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். மாட்டினால் ஒரு பக்கம் அழுந்திய பிறகு எழும்பச் சோம்புகிறது. அதனால் பழைய ஏபிஎஸ் ஸ்பேஸ் பாரையே, அந்த ரூபாய் நாணயப் பளபளப்போடு, திரும்ப மாட்டியிருக்கிறேன். ஆச்சரியமாக அது தொல்லை செய்யவில்லை. கட்டைவிரல் வேறெங்கும் போவதில்லை, அந்த ஒரே இடத்தில்தான் படுகிறது. அது அறிந்த தளம் அது ஒன்றுதான்.

தென்காசித் தம்பிக்கு: வளைந்த ஸ்பேஸ் பாரை வெந்நீரில் போட்டுத் தட்டையான பலகையில் கனம் ஏற்றி நிமிர்த்தலாம் என்று ஒருவர் சொன்னார். எமரித் தாள் போல் இதையும் நீங்கள் செய்து பார்த்திருப்பீர்கள். சரிவரும் என்றால் சொல்லுங்கள், வருகிற சனிக்கிழமை ஒரு ஆய்வேட்டைக் கொடுக்கக் குற்றாலம் வரை வருகிறேன், கையோடு கொண்டுவருகிறேன். தமிழ் எழுத்து மூடிக்கு உதவிக்கு வரும் பெண் அளவு குறித்து வைத்திருக்கிறாள், அதையும் எடுத்துக்கொள்கிறேன்.